பயிர் டாக்டர்னா வெயில் படாத வேலையா? பனை உச்சியும் பட்லர் துரையும்

ஒரு வாசகர் கேட்டது, 14 அக்டோபர்

"எங்க அக்கா மக பி.எஸ்சி அக்ரி முடிக்கப்போகுது. அடுத்து பயிர் நோயியல்தான் எடுப்பேன்னு நிக்குது. நல்லதுதான் தாயி, லேப்ல உக்காந்து மைக்ராஸ்கோப் பாக்குற வேலை, வெயில் படாதுன்னு நானும் சொல்லிட்டேன். ராமநாதபுரத்துல பொறந்தவளுக்கு அதுவே பெரிய விஷயம். ஆனா அந்தத் துறையில பேர் சொல்ற மாதிரி யாராச்சும் இருந்திருக்காங்களா? அவங்க பொழப்பு எப்படிப் போச்சு?"

14 அக்டோபர், ராத்திரி

வெயில் படாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது அண்ணே. நான் உச்சிப்புளி பக்கம் உரக்கடை வச்சிருக்கேன், பாட்டனி படிச்சவன், மேல படிக்க வசதி இல்லாம கல்லாவுல உக்காந்தவன். எங்க கடைக்கு வர்றவங்க முக்காவாசிப் பேரு கேரி பைக்குள்ள ஒரு இலையைப் போட்டு எடுத்துட்டு வந்து "இதுக்கு மருந்து குடுப்பா"ம்பாங்க. இலை வேர்த்துப் போயி பாதி அவிஞ்சிருக்கும். அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. செடி எங்க நிக்குது, பக்கத்துச் செடி எப்படி இருக்கு, தண்ணி தேங்குதா, வேரைப் பிடுங்கிப் பாத்தா என்ன நிறம், இதெல்லாம் வயல்ல நின்னுதான் தெரியும். நானே பல தடவை ஷட்டரை இறக்கிட்டு பைக்கை எடுத்துட்டுப் போயிருக்கேன். விஞ்ஞானிக்கு இன்னும் அலைச்சல்.

பேர் சொல்ற ஆளு கேட்டீங்கள்ல, பட்லர்னு ஒருத்தர். நாளைக்கு எழுதுறேன், ஸ்டாக் எடுக்கணும்.

15 அக்டோபர்

எட்வின் ஜான் பட்லர். அயர்லாந்துக்காரர், 1874ல பொறந்தவரு. அந்த ஊர்ல 1845ல உருளைக்கிழங்கு பூராம் கருகி அழுகி பெரிய பஞ்சம் வந்துச்சு, லட்சக்கணக்குல செத்தாங்க, கப்பலேறி ஓடினாங்க. அது முடிஞ்சு ஒரு தலைமுறைக்குப் பிறகு பொறந்த பையன். படிச்சது மனுச வைத்தியம், 1898ல பட்டம் வாங்கிட்டாரு. ஆனா மனசு பூஞ்சைப் பக்கம் போயிருச்சு, பாரிஸ், ஜெர்மனின்னு போயி தண்ணியில வாழுற பூஞ்சைங்களைப் படிச்சாரு. வீட்டுல என்ன சொல்லிருப்பாங்கன்னு நினைச்சுப் பாக்குறேன், டாக்டருக்குப் படிச்சிட்டு காளான் பாக்கப் போறியாடான்னு எங்க அப்பாவா இருந்தா விறகுக் கட்டையை எடுத்திருப்பாரு.

1901ல கல்கத்தா வந்து இறங்குறாரு. இந்திய அரசாங்கத்துல பயிர்ல வர்ற பூஞ்சையைப் பாக்குற வேலைக்கு முதல் ஆளு அவருதான், அதனால இப்படித்தான் செய்யணும்னு சொல்லிக்குடுக்க மேல யாரும் கிடையாது. 1905ல பீகார்ல பூசாங்கிற இடத்துல விவசாய ஆராய்ச்சி நிலையம் வந்தப்ப அங்க போனாரு. 1920 வரைக்கும் இந்தியாவுலதான். துவரை வாடல் நோய்க்குக் காரணமான பியூசேரியம் பூஞ்சைக்குப் பேர் வச்சது அவரு. 1918ல பயிர் நோய் பத்தி ஒரு பெரிய புத்தகம் எழுதினாரு, இந்தியாவுல பயிர் நோயியல் படிச்ச முதல் தலைமுறைக்கு அதுதான் பாடம். அப்புறம் லண்டன் பக்கம் கியூவுல புதுசா ஆரம்பிச்ச பூஞ்சை ஆய்வு நிலையத்துக்கு முதல் இயக்குநர், 1935 வரைக்கும். 1939ல சர் பட்டம், 1943ல காலமாயிட்டாரு.

கேக்க சுருக்கமா இருக்கு. ஆனா ரயிலும் மாட்டு வண்டியும் இருந்த காலத்துல பீகார்ல இருந்து கோதாவரிக்கும் திருவிதாங்கூருக்கும் வந்து மரம் பாத்திருக்காரு. உங்க அக்கா மககிட்ட அதைச் சொல்லுங்க.

15 அக்டோபர், மதியம்

"வெள்ளைக்காரனைப் புகழ்றீங்களே"ன்னு ஒரு தம்பி போட்டிருக்காரு. புகழல தம்பி. அரசாங்கத்துக்கு வரி வரணும், ஏற்றுமதி நடக்கணும், அதுக்காகத்தான் ஆளை அனுப்பினான். அது வேற கணக்கு. மரத்தைப் பாத்த கண்ணு நல்ல கண்ணு, அதைத்தான் சொல்றேன்.

17 அக்டோபர்

பனைக்கு வருவோம், நமக்கு அதுதான முக்கியம்.

அந்தக் காலத்துல கோதாவரி டெல்டாவுல பனைமரம் கும்பல் கும்பலா சாக ஆரம்பிச்சுச்சு. பட்லர் போயி பாத்து, குருத்தழுகல்னு கண்டுபிடிச்சு, காரணமான உயிரிக்கு 1907ல பேர் வச்சாரு. இன்னைக்கு அதைப் பைட்டோப்தோரா பால்மிவோராங்கிறோம். அயர்லாந்து உருளைக்கிழங்கை அழிச்சதும் பைட்டோப்தோரா வகைதான், அதோட பங்காளின்னு வச்சுக்கங்க. நம்ம தென்னைக் குருத்தழுகலும் இதே பயதான், கோக்கோ காயை அழுக வைக்கிறதும் இவன்தான்.

இதுல என்ன கொடுமைன்னா பனைக்கும் தென்னைக்கும் கிளை கிடையாது, உச்சியில ஒரே ஒரு குருத்து. அது அழுகினா மரம் முடிஞ்சது. ஆனா கீழ இருந்து பாக்குறவனுக்குத் தெரியாது, ஏன்னா பழைய மட்டையெல்லாம் மாசக்கணக்குல பச்சையாவே நிக்கும். நடுக்குருத்து வெளிறி, சாஞ்சு, புடிச்சு இழுத்தா கையோட வர்ற கட்டத்தை மேல போனவன்தான் பாக்க முடியும். வேரும் தண்டும் பாத்துக்கிட்டு கீழ நிக்கிற விஞ்ஞானி சும்மாதான் நிக்கணும்.

அப்ப யாரு பாத்தா? மரம் ஏறுறவங்க பாத்தாங்க. கோதாவரியில அரசாங்கம் செஞ்ச வைத்தியமே நோய் வந்த மரத்தோட தலையை வெட்டி எரிக்கிறதுதான், மருந்து மாத்திரை ஒண்ணும் கிடையாது. அந்தத் தலையை வெட்டினது துரையா? அறுபது எழுபது அடி மேல அருவாளோட போறதுக்கு மைக்ராஸ்கோப் படிப்பு பத்தாது. பேப்பர்ல பட்லர் பேர் இருக்கு, ஏறினவங்க பேர் எங்கயும் இல்ல. இதைத்தான் நான் இந்த இழையில சொல்ல வந்தது. மத்ததெல்லாம் பேச்சுவாக்குல வர்றது.

18 அக்டோபர்

நேத்து எழுதினதைப் படிச்சிட்டு சாயல்குடி பக்கம் இருந்து ஒருத்தர், "எங்க வடலியில (இளம் பனையில) குருத்து ஒடிஞ்சு கிடக்கு, அதுவும் இதானா"ன்னு கேட்டிருக்காரு. போட்டோ பாத்தேன். ஓலை விரிஞ்சதும் கத்திரியால வெட்டுன மாதிரி வரிசையா வெட்டு இருக்கு பாருங்க, அது காண்டாமிருக வண்டு குடைஞ்சது. குருத்தழுகல்ல அப்படி வெட்டு வராது, நாத்தம் வரும். வண்டு குடைஞ்ச ஓட்டை வழியா தண்ணி இறங்கி அழுகலும் சேந்து வர்றது உண்டு, அதனால ஏறிப் பாக்காம தீர்ப்பு சொல்லாதீங்க. பக்கத்துல எருக்குழி இருந்தா கிளறி புழுவைப் பொறுக்குங்க, அங்கதான் குடும்பம் நடத்துது.

தென்னையில இலை மேல கரி பூசின மாதிரி இருக்குன்னு நாலு பேரு கேட்டுட்டாங்க. அது மரத்துக்கு வந்த நோயே இல்ல. சுருள் வெள்ளை ஈ இலைக்கு அடியில உக்காந்து சாறு குடிச்சு தேன் மாதிரி கழியும், அது கீழ் இலை மேல சொட்டி அதுல கரும்பூஞ்சணம் வளரும். பூஞ்சைக்கு மருந்து அடிச்சா பைசா போச்சு. இதை நான் சொன்னா எனக்குத்தான் வியாபார நஷ்டம், இருந்தாலும் சொல்றேன். தண்ணியை வேகமா பீச்சி அடிங்க, மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்க, கண்ட பூச்சிமருந்தையும் அடிச்சு அந்த ஈயைத் திங்கிற குளவியைக் கொன்னுறாதீங்க.

21 அக்டோபர்

பட்லரை ரொம்ப தூக்கி வச்சிட்டேனோன்னு இருக்கு, அதனால மறுபக்கத்தையும் சொல்லிடுறேன்.

திருவிதாங்கூர்ல தென்னை வாடல் நோய், நம்ம ஆளுங்க கேரளா வாடல்னு சொல்வாங்க, கம்பம் பொள்ளாச்சிப் பக்கமெல்லாம் இருக்கு. அதைப் பாக்க பட்லரைக் கூப்பிட்டாங்க, 1908ல அறிக்கை குடுத்தாரு. வேரை அழுக வைக்கிற பூஞ்சைன்னு சந்தேகப்பட்டாரு. அது இல்ல. பைட்டோபிளாஸ்மான்னு, சாதாரண பாக்டீரியாவை விடச் சின்ன ஒரு பாக்டீரியா வகை, செடியோட சாறு ஓடுற குழாய்க்குள்ளயே குடியிருக்கும், சாதாரண மைக்ராஸ்கோப்புல சிக்காது. அப்படி ஒரு சாதி உயிரி செடிக்குள்ள இருக்குன்னு உலகத்துல முதல்ல கண்டதே 1967ல ஜப்பான்ல, முசுக்கட்டைச் செடியில. பட்லர் செத்து 24 வருஷம் கழிச்சு. கேரளா தென்னைக்குள்ள அதை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பாத்தது 1980கள்ல.

இதுல அவரைக் குறை சொல்ல என்ன இருக்கு? கருவி இல்லாத காலத்துல கண்ணுக்குத் தெரிஞ்சதை எழுதி வச்சிட்டுப் போனாரு. இந்தத் தொழில்ல இதுதான் சங்கடம், மனுச டாக்டருக்கு நோயாளி எழுந்து நடந்தா தெரிஞ்சிரும், இங்க நீ சொன்னது சரியா தப்பான்னு உன் பேரன் காலத்துலதான் தெரியும். உங்க அக்கா மகளுக்கு அவசரக் குணம்னா வேற துறை பாக்கச் சொல்லுங்க.

24 அக்டோபர்

கடையில மழைக்கு ஒதுங்கின பெரியவர் ஒருத்தரோட பேசிக்கிட்டிருந்தப்ப இலங்கை பேச்சு வந்துச்சு. அவரோட பாட்டன் பூட்டனெல்லாம் கண்டிச் சீமைக்குப் போனவங்க. நம்ம கரையில அப்படிப் போகாத குடும்பம் ஏது.

முதல்ல அங்க காப்பித் தோட்டம்தான். 1869ல காப்பி இலையில ஆரஞ்சு நிறத் துரு விழுந்துச்சு. தோட்டம் தோட்டமா பரவுனதும் 1880ல மார்ஷல் வார்டுங்கிற இளவட்ட விஞ்ஞானியை அனுப்புனாங்க, அவருக்கு அப்ப இருபத்தஞ்சு இருபத்தாறு வயசு. ரெண்டு வருஷம் இருந்து, பூஞ்சை எப்படி இலைக்குள்ள போகுது, எப்படி காத்துல பரவுதுன்னு அச்சு அசலா கண்டுபிடிச்சிட்டாரு. கூடவே ஒண்ணும் சொன்னாரு, மலை முழுக்க ஒரே பயிரை இடைவெளி விடாம நட்டா நோய்க்கு ரோடு போட்டுக் குடுத்த மாதிரின்னு. தோட்ட முதலாளிக்கு வேண்டியது மருந்து, அவர்கிட்ட இருந்தது விளக்கம். காப்பி போயி தேயிலை வந்துச்சு.

பெரிய இடத்துக் கதை அவ்வளவுதான், ஆனா காப்பின்னா பறிக்கிற சீசனுக்குப் போயிட்டு ஊர் திரும்பலாம், தேயிலைக்கு வருஷம் பூராம் ஆள் வேணும். நம்ம சனம் அங்கயே குடும்பத்தோட தங்கினதுக்கு ஒரு பூஞ்சையும் காரணம். மண்டபம் கேம்ப்ல ரயில் நிக்கும்போது பாருங்க, இலங்கைக்குப் போற கூலிக்காரங்களை இறக்கி, நோய் இருக்கான்னு சோதிச்சு, தங்க வச்சு அனுப்புன இடம் அது. மனுசனுக்கு அத்தனை சோதனை. இலைத்துரு எந்தக் கேம்ப்லயும் தங்காமத்தான் உலகம் சுத்துச்சு.

25 அக்டோபர்

"தமிழ்நாட்டு ஆளு யாரும் இல்லையா"ன்னு கேள்வி. ஏன் இல்லாம. டி.எஸ்.சதாசிவன், சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையை ரொம்ப வருஷம் நடத்தினவரு, 1974ல பத்மபூஷண். பருத்தி வாடல் நோயில பூஞ்சை வேருக்குள்ள இருந்துக்கிட்டு பியூசாரிக் அமிலம்னு ஒரு நஞ்சை விடுது, அது நோய் வந்த செடிக்குள்ளயே இருக்குன்னு 1950கள்ல அவரோட சீடப்பிள்ளைங்க காட்டினாங்க. கமுதி, முதுகுளத்தூர்க் கரிசல்ல பருத்தி போட்டவங்களுக்கு அந்த வாடல் தெரியும், காலையில நல்லா நின்ன செடி சாயங்காலம் தலையைத் தொங்கப்போட்டிருக்கும்.

நம்ம நாட்டு ஆளு இன்னொருத்தர் எஸ்.ஒய்.பத்மநாபன், பின்னாடி கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு இயக்குநர் ஆனவரு. 1943ல வங்காளத்துல பயிர் நோய் அதிகாரியா வேலைக்குச் சேரப் போறாரு, போன வழியெல்லாம் பஞ்சத்துல செத்தவங்க கிடந்தாங்க. அதுக்கு முந்துன வருஷம் நெல்லுல செம்புள்ளி நோய் வந்து விளைச்சல் அடிபட்டிருந்துச்சு. முப்பது வருஷம் கழிச்சு 1973ல அதைக் கட்டுரையா எழுதினாரு. பஞ்சத்துக்கு நோய்தான் காரணமான்னா இல்லைங்கிறாங்க, அரிசி இருந்துச்சு, வாங்கக் காசுதான் சனத்துக்கிட்ட இல்லைன்னு பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் சொன்னது. எனக்கு சென் பக்கம்தான் ஞாயமாப் படுது. ஆனா வேலைக்குச் சேர்ற முதல் நாள் அந்த ரோட்டுல போன மனுசன் செம்புள்ளியைச் சாதாரணப் புள்ளின்னு எப்படி நினைப்பாரு.

29 அக்டோபர்

மழை. கடையில ஆளில்லை.

தங்கச்சிமடத்துல இருந்து ஒரு லாத்தா எழுதியிருக்காங்க, "கடல்பாசிக்கு வர்ற நோய் உங்க கணக்குல வராதா?" வரணும்தான். மண்டபம், பாம்பன் பக்கம் மூங்கில் மிதவையில கப்பாபைகஸ் பாசி கட்டி வளக்கிறது பெரும்பாலும் பொம்பளைங்கதான். கடல் சூடேறினாலோ, மழைத்தண்ணி கலந்து உப்பு குறைஞ்சாலோ பாசிக் கிளை அங்கங்க வெள்ளையா வெளுத்து ஒடிஞ்சு போகும். ஐஸ்-ஐஸ் நோய்னு பிலிப்பைன்ஸ்காரங்க வச்ச பேரு. முதல்ல பாசி சோந்து போகுது, அப்புறம்தான் பாக்டீரியா ஏறுது. வித்துப் போட்டு வளக்காம ஒடிச்சு ஒடிச்சுக் கட்டுறதால எல்லா மிதவையிலயும் ஒரே பாசிதான் திரும்பத் திரும்ப. வார்டு காப்பிக்குச் சொன்னது இங்கயும் நிக்குது.

லாத்தா இன்னொண்ணும் எழுதியிருக்காங்க, தண்ணிக்குள்ள காலை வச்சதுமே தெரியும், இன்னைக்குப் பாசி வெளுக்கும்னு. தெர்மாமீட்டர் இல்லாமயே. இதையும் யாராவது எழுதிக்கிட்டா நல்லது.

2 நவம்பர்

இப்ப எங்க ஊர் சமாச்சாரம். எங்க புஞ்சைப் பனைக்கு ஏறுற அண்ணன் ஒருத்தர், வயசு அறுபதைத் தாண்டிருச்சு. போன மழைக்காலத்துல கீழ இறங்கி வந்து, "தம்பி, கிழக்கோரத்துப் பனை போச்சு, குருத்து மீன்கழிவு மாதிரி நாறுது"ன்னாரு. கீழ இருந்து பாத்தா மரம் ஜம்முன்னு நிக்குது. நான் நம்பாம பைனாகுலர் வச்சுப் பாத்தேன், ஒண்ணும் தெரியல. அவரு மறுபடி ஏறிக் குருத்தை உருவிக் கீழ போட்டாரு, அடிப்பக்கம் கூழாக் கிடந்துச்சு. நம்ம பக்கம் மழை கம்மி, கோதாவரி மாதிரி ஈரம் கிடையாது, அதனால இது அபூர்வம்தான். தலையை வெட்டி எரிச்சோம். பக்கத்து மரங்க நல்லா இருக்கு.

அந்த அண்ணனோட பையன் வளைகுடாவுல டிரைவர். பேரன் பனை மேல ஏற மாட்டான், ஏறவும் வேண்டாம்னு அவரே சொல்றாரு, விழுந்து இடுப்பு போனவங்களை அவரு பாத்திருக்காரு. பதநீ சீசன் முழுக்க ஒரு மரத்துக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறுன கண்ணு அது. பாளை சீவப் போனவன் குருத்தையும் சேத்துப் பாத்தான், அதுக்குத் தனியா சம்பளம் கிடையாது. அந்தக் கண்ணு இல்லாமப் போனா எந்தப் பல்கலைக்கழகம் ஆள் அனுப்பும்?

ட்ரோன் இருக்கேன்னு ஒருத்தர் போட்டிருக்காரு. இருக்கு. நல்லாவே படம் புடிக்கும். நாத்தம் புடிக்குமா? இழுத்துப் பாக்குமா?

3 நவம்பர்

ராத்திரி படுத்து யோசிச்சேன், ட்ரோனை ஒரேயடியா தள்ளுனது சரியில்லதான். குருத்து வெளிறினது மேல இருந்து எடுத்த படத்துல தெரியும், அம்பது மரத்துல எந்த ரெண்டு மரத்துல ஏறணும்னு அது சொன்னாலே பாதி உசுரு மிச்சம். ஏறுறதுக்கு மட்டும் ஆள் வேணும்.

அதே சமயம் ஏறுறவங்களைச் சாமி ஆக்கவும் வேண்டாம். நோய் மரத்தைச் சீவுன அருவாளைத் துடைக்காம அடுத்த மரத்துல வச்சா என்ன ஆகும்னு யாரும் அவங்களுக்குச் சொன்னதில்ல. சொல்ல வேண்டிய ஆளு அந்தப் பயிர் டாக்டர்தான், அதுக்கு அவரு மரத்தடியில வந்து நிக்கணும்.

5 நவம்பர்

"பனையை வெட்டினா கலெக்டர் பெர்மிஷன் வேணுமே"ன்னு மிரட்டல். 2021 வேளாண் பட்ஜெட்ல அப்படிச் சொன்னாங்க, நல்ல விஷயம், செங்கச்சூளைக்குப் போன பனையெல்லாம் நினைச்சா இன்னும் முன்னாடியே வந்திருக்கணும். ஆனா மெட்ராஸ் மாகாணத்துல 1919லயே பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டம்னு ஒண்ணு இருந்துச்சு, நோய் பரவுற செடியை அழிக்கச் சொல்ல அரசாங்கத்துக்கு அதிகாரம் குடுத்த சட்டம், இந்தியாவுல அந்த மாதிரி முதல்ல வந்ததே இங்கதான். ஒரு சட்டம் வெட்டாதேங்குது, ஒண்ணு வெட்டுங்குது. நடுவுல பூஞ்சை பெட்டிஷன் போடாது. நோய் மரம்னா போட்டோ எடுத்து வேளாண் ஆபீஸ்ல காட்டிட்டு செய்யுங்க, பரமக்குடியிலயும் ராமநாதபுரத்துலயும் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இருக்கு, கேட்டா சொல்லுவாங்க.

8 நவம்பர்

குருத்தழுகல் வராம இருக்க ஊத்துற போர்டோ கலவை எப்படிப் போடணும்னு எல்லாரும் கேக்குறதால கடைசியா இது. நூறு லிட்டர் தண்ணிக்கு ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ நீத்துன சுண்ணாம்பு. ரெண்டையும் தனித்தனியா கரைங்க, இரும்பு டிரம்முல கரைக்காதீங்க, பிளாஸ்டிக் போதும். மயில்துத்தத் தண்ணியைச் சுண்ணாம்புத் தண்ணியில ஊத்திக் கிளறணும், மாத்தி ஊத்துனா திரிஞ்சு போகும். பழைய கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுங்க, செம்பு ஏறிச் செவந்திருந்தா சுண்ணாம்பு பத்தல, இன்னும் கொஞ்சம் சேருங்க. அன்னைக்கே அடிச்சிரணும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது.

பிரான்ஸ்ல ரோட்டோரத் திராட்சையைத் திருடன் பறிச்சுத் திங்காம இருக்க இந்த நீலத்தை அடிச்சு வச்சிருந்தாங்க, அந்த ஓரத்துச் செடிக்கு மட்டும் நோய் வரலைங்கிறதை மில்லர்டேன்னு ஒரு பேராசிரியர் 1882ல நடந்து போகும்போது பாத்தாரு. இவரும் ரோட்டுல நடந்தவருதான்.

குருத்து ஏற்கனவே கூழானதுக்கு இதை ஊத்திப் பிரயோசனம் இல்ல. சுத்தி நிக்கிற நல்ல மரத்தோட குருத்துக்கு மழைக்கு முன்னாடி ஊத்துங்க. மயில்துத்தம் விலை இங்க போட மாட்டேன், வாரத்துக்கு வாரம் மாறுது, கடைக்கு வாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல லீவு.